புள்ளி தெரியாத பிள்ளைகள்

பசித்த பிள்ளை அழுகின்றது. காதில் வலி கண்ட பிள்ளை இரவெல்லாம் வீட்டாரை உறங்கவிடுவதில்லை. பல் முளைக்கும் வேதனையைக்கூட அது சிணுங்கியும் உமிழ்நீர் ஒழுக்கியும் தெரிவித்துவிடுகின்றது. ஆனால், கண் மங்கலாயுள்ள பிள்ளை அழுவதில்லை, எவரிடமும் முறையிடுவதுமில்லை. முறையிட வேண்டுமாயின், தெளிவு என்று ஒன்று உண்டென்று அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். பிறந்த நாள் முதல் மங்கலையே கண்ட கண்ணுக்கு மங்கல்தான் உலகம். எல்லோருக்கும் உலகம் இப்படித்தான் தெரிகின்றது என்றே அப்பிள்ளை நம்பிக் கொண்டிருக்கின்றது.

நம்மைப் போன்ற பெரியவர்களின் நிலை வேறு. நாற்பது வயதைக் கடந்த சில ஆண்டுகளில் நமக்கு வெள்ளெழுத்து வந்தது. கிதாபுகளின் ஓரத்தில் பொடியெழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் ஹாஷியா முதலில் கலங்கிற்று. பிறகு நூலின் மூலமே கலங்கிற்று. கிதாபைக் கை நீளும் மட்டும் தள்ளிப் பிடித்தோம். கை நீளம் போதாமற் போனபோது கண்ணாடிக் கடைக்குச் சென்றோம். இழந்தது இன்னதென்று நமக்குத் தெரிந்திருந்தது. கேட்டு வாங்கிக்கொள்ள வாயும் இருந்தது. ஊரில் ஒருவரும் அதைக் குறையாகப் பேசவில்லை. 'ஹஜ்ரத்துக்குக் கண்ணாடி எடுப்பாயிருக்கிறது' என்று சொன்னவரும் உண்டு. ஆனால், இரண்டு வயதுக் குழந்தையின் முகத்தில் அதே கண்ணாடியைக் கண்டால் ஊரின் பேச்சு வேறாகிவிடுகின்றது. அந்தப் பேச்சைப் பற்றியும், அதற்கு அஞ்சும் பெற்றோரைப் பற்றியுமே இங்கே சில சொற்கள் எழுத விரும்புகின்றோம்.

தூரத்துப் பொருள் தெளியாத இக்குறையைத் தமிழில் கிட்டப்பார்வை என்கின்றோம். அரபியில் கிஸருல் பஸர் என்பர். 'பார்வையின் குறுக்கம்' என்பது அதன் பொருள். மேனாட்டார் வழங்கும் மயோபியா என்னும் சொல்லோ கிரேக்க மொழியிலிருந்து வந்தது. கண்ணை மூடுதல், இடுக்குதல் என்னும் கருத்து அதனுள் அடங்கியுள்ளது. நம் சொல்லும் அரபியரின் சொல்லும் கண்ணின் இயல்பைக் கூற, கிரேக்கரின் சொல் அக்குறையுடையாரின் செய்கையைக் கூறுகின்றது. தூரத்துப் பொருளைக் காணக் கிட்டப்பார்வையுடையார் இமைகளைச் சுருக்குவர். இடுக்கிய இமைவழி புகும் ஒளி மெலிந்து, உருவம் சற்றே தெளிவது அதன் காரணம். பேசத் தெரியாத பிள்ளையும் இதைத் தானே கற்றுக்கொள்கின்றது. அதன் முறையீடு அந்த இடுக்கிய கண்ணில்தான் உள்ளது. படிக்கத் தெரிந்தவர் படித்துக்கொள்ள வேண்டும்.

கண்ணின் அமைப்பைச் சிறிது அறிந்தால் இது விளங்கும். பிறந்த குழந்தையின் விழி முன்னிருந்து பின்னாக ஏறத்தாழ 16 அல்லது 17 மில்லிமீட்டர் நீளமே இருக்கும். வளர்ந்தவரின் விழி 23 அல்லது 24 மில்லிமீட்டர். பெரும்பாலான குழந்தைகள் சிறிது தூரப்பார்வையுடனேயே பிறக்கின்றன. விழி வளர வளர, முன்புறத்துக் கருவிழியும் உள்ளிருக்கும் லென்ஸும் அதற்கேற்பத் தம் வளைவை மாற்றிக்கொள்ள, உருவம் சரியாக விழித்திரையின்மேல் வந்து விழுகின்றது. தையற்காரன் அளவெடுத்துத் தைத்தாற்போன்ற இவ்வொழுங்கில் விழி மட்டும் வேண்டிய அளவினும் நீண்டுவிட்டால், உருவம் விழித்திரைக்கு முன்பாகவே விழுந்துவிடுகின்றது. ஒரு மில்லிமீட்டர் நீளம் மிகுந்தால் கண்ணாடியின் எண் ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று வரை மைனஸில் ஏறும். ஒரு நெல்லின் கனத்தளவும் இல்லாத அந்த நீளம், பிள்ளையின் உலகத்தையே சுருக்கிவிடப் போதுமானது.

எவ்வளவு சுருங்குகின்றது என்பதை அறிய எளிய கணக்கொன்று உண்டு. நூறைக் கண்ணாடியின் எண்ணால் வகுத்தால், எத்தனை சென்டிமீட்டர் வரையில் அக்கண் தெளிவாகக் காணும் என்பது கிடைத்துவிடும். மைனஸ் 2 ஆயின் 50 சென்டிமீட்டர். மைனஸ் 5 ஆயின் 20 சென்டிமீட்டர். மைனஸ் 10 ஆயின் 10 சென்டிமீட்டர் மட்டுமே. அதற்கு அப்பால் உள்ள தாயின் முகமும் தெருவும் வானமும் அப்பிள்ளைக்குப் பனிமூட்டத்தில் அசையும் நிறங்களே.

இவ்விடத்தில் நம் முன்னோரின் அறிவுப் பணியையும் நினைவுகூர்தல் தகும். 873ஆம் ஆண்டு மறைந்த பக்தாதின் மொழிபெயர்ப்பறிஞர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக், கண்ணைப் பற்றிப் பத்து ஆய்வுரைகள் எழுதினார். அவர் கிறிஸ்தவர், எனினும் அரபி மருத்துவத்தின் தூண்களுள் ஒருவர். கிரேக்க நூல்களிலிருந்து வந்த கருத்துகள் அரபியில் நிலைபெற்றபோது, கொம்பு போன்ற படலம் கர்னிய்யா எனவும், வலை போன்ற படலம் ஷபகிய்யா எனவும் வழங்கின. அரபி நூல்கள் லத்தீனுக்குச் சென்றபோது வலை என்னும் அப்பொருளே அங்கும் பெயராயிற்று. இன்றைய கண் மருத்துவர் ரெட்டினா என்று சொல்லும்போது அந்த வலையையே சொல்லுகின்றார். பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், பதினோராம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிய கிதாபுல் மனாழிர் என்னும் நூலில், கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகின்றது என்னும் பழங்கொள்கையை மறுத்து, பொருளிலிருந்து ஒளி கண்ணுக்கு வருகின்றது என்று நிலைநாட்டினார்.

மேடைகளில் சிலர், மூக்குக்கண்ணாடியைக் கண்டுபிடித்தவரும் அவரே என முழங்குவதுண்டு. அது உண்மையன்று. மூக்குக்கண்ணாடி 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில் தோன்றிற்று. அதுவும் நம்மைப் போன்ற வெள்ளெழுத்துக்காரர்களுக்கான குவிலென்ஸே. கிட்டப்பார்வைக்கான குழிலென்ஸ் 15ஆம் நூற்றாண்டில் வழக்கிற்கு வந்தது. அது ஏன் பயன்படுகின்றது என்பதை ஜொஹான்னஸ் கெப்ளர் 1604ஆம் ஆண்டில் தம் நூலில் விளக்கினார். இப்னுல் ஹைதமின் நூலை லத்தீனில் கற்றவர்கள் வழியில் வந்தவர் அவர். அந்தப் பெருமை நமக்குப் போதும். இல்லாததைச் சேர்க்க வேண்டுவதில்லை.

இனி நாம் நாள்தோறும் காணும் மக்தபுக்கு வருவோம். அரபி எழுத்துகளின் உயிர் புள்ளிகளில் உள்ளது என்பதை வாசகர்கள் அறிவர். கீழே ஒரு புள்ளி இட்டால் பே. மேலே இரண்டு இட்டால் தே. மூன்று இட்டால் ஸே. கீற்று ஒன்றே, புள்ளியே எழுத்தை வேறாக்குகின்றது. ஜீமுக்கும் ஹேக்கும் கேக்கும் நிலை அதுவே. தமிழிலும் ககரத்தின் தலையில் ஒரு புள்ளி வைத்தால் அது மெய்யாகிவிடுகின்றது. இரு மொழி கற்கும் நம் பிள்ளைக்குப் புள்ளி தெரியவில்லையெனில் இரு மொழியும் தெரியவில்லை என்பதே பொருள்.

சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் ஐந்து வயதுப் பையன் ஒருவன் ஓதவந்தான். அதற்கு முன் வேறோரிடத்தில் ஓராண்டு ஓதியிருந்தான். 'மண்டையில் ஏறாத பிள்ளை' என்று அங்கே முடிவு கட்டி அனுப்பியிருந்தார்கள். பிரம்பின் சுவையும் அவன் அறிந்திருந்தான். பலகையில் பேயைக் காட்டினால் ஒருநாள் தே என்பான். மறுநாள் நூன் என்பான். ஆனால், வாயால் சொல்லிக்கொடுத்த சூராக்களை இரண்டே நாளில் பிழையின்றி ஒப்புவித்தான். காதால் வாங்குவதை இவ்வளவு சரியாகக் காக்கும் பிள்ளைக்கு மூளை குறைவாயிருக்க வழியில்லை. பலகையின் அருகில், ஒரு முழத் தொலைவில் அவனை நிறுத்தி, அதே எழுத்துகளைக் கேட்டோம். ஒன்றுகூடத் தவறவில்லை. மீண்டும் பத்தடி பின்னால் நிறுத்திப் புள்ளி எத்தனை என்று கேட்டோம். கண்ணை இடுக்கினான், தலையைச் சாய்த்தான், பிறகு நம் முகத்தைப் பார்த்து, 'எத்தனை, ஹஜ்ரத்?' என்று நம்மையே கேட்டான். அவன் அத்தாவை அழைத்துச் சொன்னோம். மருத்துவர் மைனஸ் 4 எழுதினார். ஆறு மாதத்தில் அவன் அம்ம ஜுஸ்உவைப் பார்த்தே ஓதினான். அன்று தொட்டு, நம் மக்தபில் சேரும் ஒவ்வொரு பிள்ளையையும் முதல் நாளே பத்தடி தள்ளி நிறுத்திப் புள்ளி கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டோம். ஒரு கண்ணைப் பொத்தி மற்றொரு கண்ணால் எண்ணச் சொல்வதும் உண்டு. இது மருத்துவமன்று, மருத்துவரிடம் அனுப்ப வேண்டிய பிள்ளை எது என்று அறியும் வழி மட்டுமே.

ஐந்து வயதுப் பிள்ளையிடம் புள்ளி கேட்கலாம். எழுத்தறியாத, பேச்சும் திருந்தாத இரண்டு வயதுப் பிள்ளையிடம் எதைக் கேட்பது? இக்கேள்வி நம் வீட்டுக்குள்ளேயே வந்தது.

நம் மகளின் பெண் குழந்தை அது. கம்பம் பள்ளத்தாக்கில், மேற்கே மலையும் கிழக்கே வயலுமாக உள்ள ஊரில் வளர்ந்தது. அமைதியான பிள்ளை. மற்றப் பிள்ளைகளைப் போல் வாசலைத் தாண்டி ஓடாது. இட்ட இடத்தில் இருந்து, கையிலுள்ள பொருளை முகத்தருகே வைத்துக்கொண்டு நெடுநேரம் விளையாடும். 'பெண் பிள்ளை என்றால் இப்படியல்லவா அடக்கமாயிருக்க வேண்டும்!' என்று உறவினர் மெச்சினர். குழந்தையின் தாய்க்கு மட்டும் அந்த மெச்சல் உவப்பாயில்லை. தான் வாசற்படியில் நின்று சிரித்தால் குழந்தை சிரிப்பதில்லை. குரல் கொடுத்தால்தான் திரும்புகின்றது. தூக்கி முகத்தோடு முகம் வைத்தால்தான் சிரிக்கின்றது என்பதை அவள் கண்டுகொண்டாள். இடக்கண் சில வேளை வெளிப்பக்கம் ஒதுங்குவதையும் கண்டாள். குழந்தைக்கு இரண்டரை வயதானபோது, 'நீங்களும் வாருங்கள்' என்று நம்மையும் அழைத்துக்கொண்டு மதுரைக்குப் புறப்பட்டாள்.

கண் மருத்துவமனையில் நாம் கண்டது நமக்கே புதுமையாயிருந்தது. குழந்தையிடம் அவர்கள் ஒன்றுமே கேட்கவில்லை. கண்ணில் சொட்டு மருந்து விட்டார்கள். அண்மைப் பொருளுக்காக முறுக்கிக்கொள்ளும் உள்தசையை அது தளரச் செய்து, கண்மணியையும் விரியச் செய்கின்றது. இம்மருந்தின்றிச் சிறுபிள்ளைக்கு எடுக்கும் அளவு பிழைபடக்கூடும் என்றார் மருத்துவர். பிறகு இருட்டறையில் தாயின் மடியில் இருத்தி, கைவிளக்கு ஒன்றின் கீற்றைக் கண்மணியின் குறுக்கே மெல்ல அசைத்தார். விழித்திரையிலிருந்து மீளும் செவ்வொளி எப்பக்கம் அசைகின்றது என்று நோக்கி, ஒன்றன்பின் ஒன்றாக லென்ஸ்களைக் கண்ணின்முன் பிடித்தார். எந்த லென்ஸில் அவ்வசைவு நிற்கின்றதோ, அதைக் கொண்டு கணக்கிட்டுக் கண்ணின் அளவைக் கண்டுவிடுகின்றார்கள். பிள்ளை ஒரு சொல்லும் பேசவில்லை. அதன் கண்ணே பேசிற்று. பச்சைக் குழந்தைக்கும் இவ்வாறு அளவெடுக்க இயலும் என்பதைப் பெற்றோர் பலர் அறியார். 'பள்ளிக்கூடம் போகட்டும், எழுத்தைப் படிக்கத் தெரியட்டும், பிறகு பார்க்கலாம்' என்று காத்திருப்போர் இதனை நினைவிற் கொள்வாராக.

வலக்கண்ணுக்கு மைனஸ் 6. இடக்கண்ணுக்கு மைனஸ் 9. முன் சொன்ன கணக்கின்படி, வலக்கண்ணின் உலகம் ஏறத்தாழ 17 சென்டிமீட்டர்; இடக்கண்ணின் உலகம் 11. ஒரு சாண் எட்டாத உலகத்தில் அக்குழந்தை இரண்டரை ஆண்டு வாழ்ந்திருக்கின்றது. அது அடக்கத்தால் வாசலைத் தாண்டாமல் இருந்ததன்று. வாசல் அதற்குத் தெரியவில்லை.

கண்ணாடியைத் தாமதமின்றி அணிவிக்க வேண்டும் என்று மருத்துவர் வற்புறுத்தியதன் காரணத்தை வாசகர்களும் அறிதல் நன்று. கண் ஒளியை வாங்குகின்றது, காண்பதோ மூளை. காணும் வித்தையை மூளை பிறந்தபின்தான் கற்கின்றது. டேவிட் ஹ்யூபல், டார்ஸ்டன் வீசல் என்னும் இரு அறிஞர்கள் பூனைக்குட்டிகளைக் கொண்டு 1960களில் இதனை ஆராய்ந்தனர். பிறந்த முதல் மாதங்களில் ஒரு கண் மூடப்பட்டிருந்தால், பிறகு அதைத் திறந்துவிட்டாலும் மூளை அக்கண்ணின் செய்தியை ஏற்பதில்லை. வளர்ந்த பூனைக்கு அதே போல் மூடினால் அத்தீங்கு நேர்வதில்லை என்று கண்டனர். அப்பணிக்காக 1981ஆம் ஆண்டின் நோபல் பரிசில் அவர்கள் பங்கு பெற்றனர். மனிதப் பிள்ளைக்கும் இவ்விதியே. தெளிவான உருவத்தை அனுப்பாத கண்ணை மூளை நாளடைவில் ஒதுக்கிவிடுகின்றது. இதைச் சோம்பல் கண் என்பர். இரு கண்ணின் அளவும் வேறுபட்டிருந்தால் இவ்வாபத்து இன்னும் மிகுதி. ஏழெட்டு வயதுவரை இதனைத் திருத்துதல் எளிது. பிறகு கடினமாகிக்கொண்டே போகும். இருபது வயதில் விலையுயர்ந்த கண்ணாடியை வாங்கி மாட்டினாலும், கற்காத மூளைக்கு அது முழுப் பயன் தாராது. சிறுவயதில் ஓதாதவன் முதுமையில் ஓத முயல்வதைக் கண்ட நமக்கு இது விளங்காத செய்தியன்று.

எல்லாக் குழந்தைக்கும் உடனே கண்ணாடி தேவை என்பதன்று. சிறிய அளவு மைனஸாயின், கைக்குழந்தையின் உலகம் அண்மையிலேயே உள்ளதால், மருத்துவர் சில மாதம் பொறுத்து மீண்டும் அளவெடுப்பார். அந்த முடிவை எடுக்க வேண்டியவர் மருத்துவர், அண்டை வீட்டாரல்லர்.

கண்ணாடி வந்தது. உடையாத பிளாஸ்டிக் வில்லை. காதில் மாட்டும் கம்பிக்குப் பதிலாகத் தலையைச் சுற்றி ஒரு மெல்லிய பட்டை. முதல் நாள் மாலை, நம் மடியிலிருந்த குழந்தை சுவரின் உச்சியைப் பார்த்துக் கைநீட்டி, 'நன்னா, அது யாரு?' என்று கேட்டது. பல்லி ஒன்று அங்கே இருந்தது. குழந்தை பிறந்த நாள் முதல் அவ்வீட்டில் பல்லிகள் இருந்துகொண்டுதான் இருக்கின்றன.

எதிர்ப்பும் அன்றே தொடங்கிற்று. நம் சம்பந்தி நல்ல மனிதர். பேத்தியின்மீது உயிரையே வைத்திருப்பவர். அவர் தணிந்த குரலில் சொன்னார்: 'ஹஜ்ரத், பொம்பளைப் பிள்ளை. இந்த வயசிலேயே கண்ணாடியை மாட்டிவிட்டால், நாளைக்குப் பெண் கேட்டு வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? வீட்டில் மட்டும் போடட்டும். வெளியில் போகும்போது கழற்றிவிடலாமே?' மருத்துவர் விழித்திருக்கும் நேரமெல்லாம் அணிய வேண்டும் என்று கூறியிருந்ததை எடுத்துச் சொன்னோம். குடும்பத்தில் சச்சரவு வேண்டாமென்று கருதிய மகள், விசேஷங்களுக்குச் செல்லும்போது மட்டும் கழற்றுவதாக ஒப்புக்கொண்டாள்.

இரண்டு மாதத்தில் உறவில் ஒரு நிக்காஹ் வந்தது. பெண்கள் பகுதியில் குழந்தையைப் புத்தாடை உடுத்தி, கண்ணாடியைக் கழற்றி இறக்கிவிட்டார்கள். கூட்டத்தில் தாயின் கை நழுவிற்று. எல்லோரும் பட்டுடுத்தி முக்காடிட்டிருந்தனர். கூடத்தின் இரைச்சலில் குரல்களும் கலந்துவிட்டன. குழந்தை ஓர் அம்மையாரின் முந்தானையைப் பற்றிக்கொண்டு சிறிது தூரம் நடந்தது. அவர் குனிந்து தூக்கியபோதுதான் முகம் வேறென்று கண்டது. பிறகு அது அழுத அழுகை ஆண்கள் பகுதிவரை கேட்டது. தாய் ஓடிவந்து வாங்கிக்கொண்ட பின்னும் அடங்கவில்லை. சம்பந்தியார்தாம் எழுந்து சென்று, பையிலிருந்த கண்ணாடியை எடுத்து வரச்சொல்லித் தம் கையாலேயே பேத்திக்கு மாட்டினார். அதன்பின் அவ்வீட்டில் இவ்விஷயம் பேசப்படவில்லை.

இடக்கண்ணைப் பழக்குவதற்காக, நல்ல கண்ணை நாளைக்கு இரண்டு மணி நேரம் மூடிவைக்கும் பயிற்சியும் நடந்தது. அது எளிதாயிருக்கவில்லை. ஒட்டிய மூடியைக் குழந்தை பிய்த்தெறியும். நன்னி கதை சொல்லி மீண்டும் ஒட்டுவார். ஓராண்டுக்குப் பின் இடக்கண் பெரிதும் தேறிற்று. முற்றிலும் வலக்கண்ணுக்கு இணையாகிவிடவில்லை. ஆனால், தனித்து விட்டால் படச்சுவடியைப் படித்துப் பெயர் சொல்லும் கண்ணாக இருக்கின்றது.

இனி, மக்களிடையே வழங்கும் சில எண்ணங்களைச் சீர்தூக்குவோம்.

கண்ணாடி போட்டால் எண் ஏறிக்கொண்டே போகும் என்பது ஒன்று. எண் ஏறுவது விழி வளர்வதனால், கண்ணாடியினாலன்று. பிள்ளை வளர வளரச் செருப்பின் அளவு ஏறுகின்றது. செருப்பு காலை வளர்த்தது என்று நாம் சொல்வதில்லை. வேண்டுமென்றே அளவைக் குறைத்துக் கண்ணாடி கொடுத்தால் எண் ஏறாது என எண்ணியவர்களும் உண்டு. மலேசியாவில் பிள்ளைகளிடம் இதனை ஆராய்ந்து 2002ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். குறைத்துக் கொடுத்த பிள்ளைகளுக்கே கிட்டப்பார்வை விரைந்து ஏறக் கண்டார்கள்.

பொன்னாங்கண்ணியும் கேரட்டும் கண்ணாடியைக் கழற்றிவிடும் என்பது மற்றொன்று. அவை நல்ல உணவே. வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண்ணைத் தடுப்பன. நீண்டுவிட்ட விழியைச் சுருக்கும் ஆற்றல் எக்கீரைக்கும் இல்லை. சுர்மா இட்டால் பார்வை கூர்மையாகும் என்று கைக்குழந்தையின் கண்ணில் தீட்டுவாரும் நம்மிடையே உள்ளனர். இன்று கடைகளில் விற்கப்படும் சுர்மாக்கள் பலவற்றில் ஈயம் கலந்திருப்பது சோதனைகளில் தெரியவந்துள்ளது. ஈயம் குழந்தையின் மூளைக்குத் தீங்கானது. பழைய பெயரில் இன்று விற்கப்படும் பொருளெல்லாம் பழைய பொருளன்று என்பதை அறிந்து நடத்தல் வேண்டும்.

பச்சைக் குழந்தைக்கு வரும் மிகுந்த கிட்டப்பார்வையும், பள்ளிப் பருவத்தில் வரும் கிட்டப்பார்வையும் ஒன்றல்ல. முன்னது பெரும்பாலும் பிறவியோடும் குடும்பவழியோடும் தொடர்புடையது. சில வேளை வேறு நோயின் அறிகுறியாகவும் வரும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கும் வரக்கூடும். 34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது இரண்டு கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தைகளின் விழித்திரையைப் பிறந்து 30 நாளுக்குள் சோதிக்க வேண்டும் என்பது நம் நாட்டின் மருத்துவ நெறி. நாற்பது நாள் தீட்டுக் கழியட்டும் என்று காத்திருந்தால், அந்த முப்பது நாள் கடந்துவிடும்.

பள்ளிப் பருவத்துக் கிட்டப்பார்வையோ, நாம் பிள்ளைகளை வளர்க்கும் முறையோடும் பிணைந்தது. சீன வழியினரான ஆறேழு வயதுப் பிள்ளைகளைச் சிட்னியிலும் சிங்கப்பூரிலும் ஒப்பிட்டு 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று, சிட்னியில் நூற்றுக்கு 3.3 பேருக்கும் சிங்கப்பூரில் 29.1 பேருக்கும் கிட்டப்பார்வை இருக்கக் கண்டது. சிட்னிப் பிள்ளைகள் வாரத்துக்கு ஏறத்தாழ 14 மணி நேரம் வெளியில் இருந்தனர். சிங்கப்பூர்ப் பிள்ளைகள் 3 மணி நேரமே. சீனாவின் குவாங்ஜோ நகரில், பள்ளி நாளில் 40 நிமிடம் கூடுதலாகப் பிள்ளைகளை வெளிச்சத்தில் விட்டுப் பார்த்தார்கள். மூன்றாண்டில் அப்பள்ளிகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர் நூற்றுக்கு 30.4, மற்றப் பள்ளிகளில் 39.5. இம்முடிவு 2015இல் வெளியாயிற்று. பகல் வெளிச்சம் விழியின் மிகை நீட்சியைத் தடுக்கின்றது என்பதே அறிஞர் கருத்து. கைப்பேசியைக் கொடுத்துச் சோறூட்டும் தாய்மார்கள், பிள்ளையைத் திண்ணைக்கோ முற்றத்துக்கோ தூக்கிச் சென்று ஊட்டினால் செலவின்றி ஒரு மருந்து கிடைத்துவிடும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளைக்கு ஒரு மணி நேரத்தை மிஞ்சலாகாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் அறிவுரை வழங்கியுள்ளது. எனினும், வந்துவிட்ட கிட்டப்பார்வையை வெயில் போக்காது. அதற்குக் கண்ணாடியே வழி.

தாய்மார்கள் கவனிக்க வேண்டியவை இவை. மூன்று மாதமாகியும் குழந்தை முகத்தைப் பின்தொடர்ந்து பார்க்கவில்லையா? பொருளை மூக்கருகே கொண்டுபோகின்றதா? கண்ணை இடுக்குகின்றதா, தலையைச் சாய்க்கின்றதா? ஒரு கண் ஒதுங்குகின்றதா? ஒரு கண்ணைக் கையால் மறைத்தால் வாளாவிருந்து, மற்றதை மறைத்தால் மட்டும் கையைத் தட்டிவிடுகின்றதா? இவற்றுள் ஒன்றிருந்தாலும் கண் மருத்துவரிடம் காட்டுக. கண்மணியில் வெண்மை தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. பெற்றோருக்கு மிகுந்த மைனஸ் இருந்தால் அறிகுறி இல்லாவிடினும் காட்டுதல் நன்று. 2013ஆம் ஆண்டில் தொடங்கிய அரசின் சிறார் நலத் திட்டத்தின்கீழ் அங்கன்வாடிக்கு மருத்துவக் குழு வந்து கண்ணையும் பார்க்கின்றது. அந்நாளில் பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொள்ள வேண்டா.

ஜமாஅத் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஷவ்வால் மாதத்தில் மக்தப் திறக்கும்போது புதுப் பிள்ளைகளுக்குப் பலகையும் கிதாபும் வாங்கித் தருகின்றீர்கள். அன்றே ஒரு கண் மருத்துவரை அழைத்து, சேரும் பிள்ளைகளையும் அவர்களின் இடுப்பில் வரும் தம்பி தங்கைகளையும் பார்க்கச் செய்யுங்கள். கண்ணாடி தேவைப்படும் பிள்ளைக்கு வசதியில்லையெனில் ஜமாஅத் வாங்கித் தரட்டும். பெண் பிள்ளையாயின் முதலில் வாங்கித் தரட்டும், தயங்குவோர் அவ்வீட்டார்தாம். பிள்ளை தானாக வந்து கேட்காது. அதற்காகக் கேட்க வேண்டியவர்கள் நாமே.